சித்திரை மாதத்துச் சிக்கனம்

எங்கள் தென்காசிக்காரர் வல்லிநாயகம் பிள்ளை தாலுகா கஜானாவில் குமாஸ்தாவாக நுழைந்து, சென்னையில் மாகாண நிதி அதிகாரியாக உயர்ந்தவர். சர்க்கார் பணத்தை எப்படிச் செலவழிக்காமல் இருப்பது என்று ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்வார். போகவர ரயில் செலவு சர்க்காருடையது.

1932 சித்திரையில் எங்கள் ஆஸ்பத்திரியிலும் சிக்கனம் தேடி வந்தார். நான் அங்கே கம்பவுண்டர். பிரசவ வார்டில் கட்டில்கள் எல்லாம் காலி. மருத்துவச்சி ஞானபாக்கியம் மட்டும் நின்றுகொண்டிருந்தாள். பாவம், விதவை. மகளைப் பாளையங்கோட்டை போர்டிங்கில் படிக்க வைத்திருந்தாள். இந்த வேலை போனால் அந்தப் படிப்பும் போச்சு.

“ஏம்மா, ஒரு பிரசவம்கூடக் காணோமே. உனக்கு எதுக்குச் சம்பளம்?”

“சித்திரையில பிள்ளை பிறந்தா ஆகாதுன்னு, ஆடியிலயே பொண்ணுகளைத் தாய்வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருதாக ஐயா. வைகாசியில வந்து பாருங்க, கீழே பாய் விரிக்க இடம் இருக்காது.”

பிள்ளைவாள் சிரித்தார். “மூடநம்பிக்கையை வச்சு பட்ஜெட் போட முடியுமா?” அடேயப்பா, என்ன மூளை!

வைகாசியில் பெண்கள் வண்டி வண்டியாக வந்து இறங்கினார்கள். கூடவே உத்தரவும் வந்தது: ஆடி முதல் மருத்துவச்சி வேலை ரத்து. பிள்ளைவாளுக்கு ராவ் பகதூர் பட்டம் கிடைத்தது.

ஆடியில் ராவ் பகதூர் குடும்பத்தோடு சாரலுக்குக் குற்றாலம் வந்தார். அருவியில் குளித்தால் அதிகாரிக்கும் மனம் குளிரும் என்று நம்பி, ஞானபாக்கியத்தை அவருடைய பங்களாவுக்குக் கூட்டிப் போனேன். அவர் மகள் புதுத் தாலியோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

“மாப்பிள்ளை வரலியா?” என்று சும்மா கேட்டு வைத்தேன்.

அவர் மனைவி கோமதியம்மாள் பதில் சொன்னாள். “ஆடி மாசம்லா! அவுகளைப் பட்டணத்துலயே இருக்கச் சொல்லிட்டாக இவுக. சித்திரையில பேரன் பிறந்தா குடும்பத்துக்கு ஆகாதுல்லா.”

ஞானபாக்கியத்தின் முகம் மலர்ந்தது. “அப்போ வார்டு ஏன் காலியாக் கெடந்துதுன்னு ஐயாவுக்கே தெரியும்லா. ஒரு வார்த்தை எழுதிக் குடுத்தா என் மக படிப்பு நிக்காது.”

ராவ் பகதூர் தலையைத் துவட்டிக்கொண்டே, “அது குடும்பம், இது சர்க்கார். ரெண்டையும் போட்டுக் குழப்பப்படாது” என்றார்.

அவள் கும்பிட்டாள். “சரிங்க ஐயா. அடுத்த வைகாசியில உங்க மகளுக்கு வலி எடுத்தா, சர்க்காரையே கூப்பிட்டுக்கிடுங்க.”

கோமதியம்மாளுக்கு முகம் வெளுத்துப்போனது. ராவ் பகதூர் காப்பி கேட்டார்.

மறுநாள் ஞானபாக்கியம் பாளையங்கோட்டைக்குப் போய், மகளை போர்டிங்கிலிருந்து கூட்டிவந்தாள்.