முந்நூற்றுப் பன்னிரண்டு தொப்பைகள்

1927-ஆம் ஆண்டு ஐப்பசியில், மலாயாவில் லாபிஸ் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், சந்திரமதி தினமும் பால் வெட்டும் நிரையில் நின்ற முந்நூற்றுப் பன்னிரண்டு ரப்பர் மரங்களுக்கும் தொப்பை போட்டது. மற்ற நிரைகளில் மரங்கள் எப்போதும்போல் ஒல்லியாகவே இருந்தன. அந்த வாரம் மழை அதிகம். கடையில் கருவாடு கிடைக்கவில்லை.

முதலில் தொப்பை போட்டது சந்திரமதிக்குத்தான். அதற்கு முந்தைய ஆண்டு, நாற்பத்தேழு வயதில், அவளுக்கு மாதவிலக்கு நின்றது. அரைவயிறு கஞ்சி குடித்தும், கை கால் குச்சியாகவே இருக்க, வந்த சதையெல்லாம் வயிற்றிலேயே வந்து சேர்ந்தது. நினைத்தாற்போல் உடம்பு கொதித்தது. ஆறிப்போன தேத்தண்ணீர்க் குவளையை அவள் கணவர் அய்யாவு அந்த வயிற்றின்மேல் வைத்து எடுத்தால் ஆவி பறந்தது. லயத்து வீடுகளில் இருந்த பெண்கள் பிள்ளை என்றே முடிவுகட்டி மாங்காய் கொண்டுவந்தார்கள். "இல்லடி, இது அதுக்கு நேர்மாறு" என்று அவள் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மூன்று பிள்ளைகளையும் சிங்கப்பூருக்கு வேலைக்கு அனுப்பிவிட்ட அய்யாவு, ஐம்பத்தைந்து வயதில் மீசையை முறுக்கிக்கொண்டு காலைப் பெரட்டில் வரிசையில் நின்று பெயர் கொடுத்தார். பதினான்காம் மாதம் மீசை தானாக இறங்கியது. ஆனாலும் அந்த வயிறு அவருக்குப் பிடித்துப்போயிருந்தது. அதைச் சொல்ல அவர் வெட்கப்படவும் இல்லை.

சிக்கல் மரத்தடியில்தான் வந்தது. வெட்ட வெட்டப் பட்டையில் வெட்டு கீழே இறங்கும். அந்த ஆண்டு அவள் நிரையில் அது கணுக்கால் உயரத்துக்கு வந்துவிட்டது. குந்தினால் வயிறு இடித்தது, உளி சறுக்கியது, பால் மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் விழாமல் மண்ணில் ஓடியது. கங்காணி சபாபதி கெட்டவர் இல்லை. இருந்தாலும் துரையின் உத்தரவைச் சொல்லித்தானே ஆகவேண்டும்.

"அக்கா, நாளையிலேருந்து நீங்க கொட்டகையில ஒட்டுப்பால் பிரிங்க. நெரைய செல்லம் பாத்துக்கட்டும்."

"நான் நட்ட மரம் சபாபதி. கூடையில தூக்கிட்டு வந்து நட்டேன்."

"தெரியுங்க்கா. குனிய முடியலையே, என்னா செய்ய?"

பட்டையில் காய்ந்த ஒட்டுப்பாலைப் பிரிக்கும் கொட்டகைக்குப் போன யாரும் மறுபடி மரத்துக்கு வந்ததில்லை. அன்று மத்தியானம் சந்திரமதி நிரையில் ஒவ்வொரு மரமாகப் போய், வயிற்றைச் சாய்த்து நின்று, போய்வருகிறேன் என்று சொன்னாள். கப்பலேறிய நாளுக்குப் பிறகு அவள் அழுதது அன்றுதான். முந்நூற்றுப் பன்னிரண்டாவது மரத்தை முடிக்கும்போது மாலை ஆகிவிட்டது.

மறுநாள் உளியோடு போன பக்கத்து நிரைக்காரி செல்லம், அரை மணி நேரத்தில் ஓடிவந்தாள். "அலமாக்! கங்காணி, மரமெல்லாம் முழுகாம நிக்குது!" என்றாள். சபாபதி போய்ப் பார்த்தார். எல்லா மரமும் இடுப்பு உயரத்தில் உப்பியிருந்தது. கணுக்காலில் இருந்த வெட்டு மூடிக்கொண்டு, தொப்பையின்மேல், நின்றபடி வெட்ட வாகாக ஏறியிருந்தது. செல்லம் வெட்டினாள், ஒரு சொட்டும் வரவில்லை. சந்திரமதியைக் கூட்டிவந்து வெட்டச் சொன்னார்கள். மங்கு நிரம்பி வழிந்தது.

துரை நாடா பிடித்து அளந்து மேலிடத்துக்கு எழுதினார். பால் குறையாதவரை நடவடிக்கை தேவையில்லை என்று நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. அதற்குள் எல்லோருக்கும் பழகிவிட்டது. சந்திரமதிக்கு உடம்பு கொதித்து முகம் சிவக்கும்போது நிரையின் இலைகளும் சிவந்தன. அவள் முந்தானையால் வியர்வையைத் துடைத்து முடிப்பதற்குள் பச்சைக்குத் திரும்பின. அவள் எங்கே நிற்கிறாள் என்று சபாபதி தூரத்திலிருந்தே கண்டுகொண்டார். 1931-இல் ரப்பர் விலை விழுந்து பாதிப் பேரை ஊருக்குக் கப்பலேற்றியபோதும் அவள் பெயரை யாரும் அடிக்கவில்லை. ஐந்தாறு வருடத்தில் கொதிப்பு அடங்கியது. வயிறு அடங்கவில்லை. அய்யாவு அதற்கும் சந்தோஷப்பட்டார்.

1938 மார்கழியில், மழையில் நனைந்தபடி பெரட்டில் நின்ற செல்லத்தின் முகம் திடீரென்று சிவந்தது, கழுத்தெல்லாம் வியர்த்தது. நாற்பத்தாறு வயது அவளுக்கு. சேலை இடுப்பில் பிடிக்க ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகியிருந்தது; கொட்டகைக்கு அனுப்பிவிடுவார்களோ என்று பயந்து அதை யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற சந்திரமதி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "பயப்படாத. மத்தியானம் நெரைக்குப் போயி ஒவ்வொரு மரத்துக்கிட்டயும் சொல்லிட்டு வா. ஒண்ணையும் விட்டுறாத" என்றாள்.

சபாபதி அதைக் காதில் வாங்கிக்கொண்டார். மறுநாள் காலை செல்லத்தின் நிரைக்குப் போய் மரங்களைத் தொட்டுப் பார்த்தார். பிறகு திரும்பி வந்து, அந்த நிரைக்கு இனி மங்குகளை இடுப்பு உயரத்தில் கட்டச் சொல்லிவிட்டு, தேத்தண்ணீர் குடிக்கப் போனார்.