நாற்காலி உயரத்துப் பூக்கள்

மனைவிக்குக் கழுத்து நிற்காமல் போன பிறகுதான் டிரைவர் தெருவின் தரையைப் பார்க்கக் கற்றுக்கொண்டார். வேலையில் இருந்த காலமெல்லாம் பேருந்தின் உயரத்தில் உட்கார்ந்து தூரத்தையே பார்த்துப் பழகிய கண் அவருடையது.

அவள் தையல்காரி. நோய் முதலில் அவள் கால்களை வாங்கிக்கொண்டது, பிறகு கழுத்தை. தலை மார்பில் சரிந்துவிட்டது. நலம் கேட்க வந்தவர்கள் மேசைமேல் வைத்துவிட்டுப் போன ரோஜாக் கொத்து அவள் கண்ணுக்கு எட்டாமலே வாடியது.

"கல்யாணத்தன்னைக்குத் தலை குனியலைன்னு உங்க அம்மா எத்தனை வருஷம் குத்திக் காட்டினாங்க! இப்ப வட்டியும் முதலுமா குனிஞ்சிட்டேன், போதுமான்னு கேளுங்க," என்பாள். அவர் சிரிப்பார். சிரித்துவிட்டுச் சமையலறைக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

காலையில் அவளைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தெருவில் தள்ளிக்கொண்டு போவது வழக்கம். ஒருநாள் கிடங்குச் சுவரோரம், "நிறுத்துங்க," என்றாள். அவர் கண்ணுக்கு அங்கே பச்சையைத் தவிர ஒன்றும் படவில்லை.

"வெறும் களைம்மா அது."

"குனிஞ்சு பாருங்க. பஸ் ஓட்டினவருக்கு இடுப்பு வளையாதோ?"

குனிந்தார். சுவரின் அடி விரிசலில் சட்டைப் பொத்தான் அளவுக்கு நீலப் பூக்கள். அதை ஒட்டித் தொட்டாற்சுருங்கி, இளஞ்சிவப்புக் குஞ்சம் குஞ்சமாக.

"எத்தனை நூல்கண்டு பிரிச்சிருப்பேன்! இந்த நீலம் எந்தக் கடையிலயும் கிடைச்சதில்லைங்க. நிமிர்ந்து நடக்கிறவங்களுக்கு மேலே பூ வச்ச கடவுள், எனக்குன்னு கீழேயும் வச்சிருக்கார் பாருங்க."

அன்றிலிருந்து அந்த நாலடி இடம் அவளுடைய தோட்டமாயிற்று.

சுவரோரத்தைச் சுத்தம் செய்ய ஒரு துப்புரவுப் பெண் மண்வெட்டியோடு வந்தபோது டிரைவருக்குப் பகீரென்றது. "தங்கச்சி, இந்த ஒரு இடத்தை மட்டும் விட்டுடேன். இவளுக்கு வேற பூ எதுவும் கண்ணுக்குத் தெரியாதும்மா."

"ஐயோ, மேஸ்திரி என்னைத் தின்னுடுவாரே அண்ணே!" என்றாள். பிறகு மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து, நாற்காலியில் இருந்தவளின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தாள். வந்து போன அத்தனை பேரில் ஒருவருக்கும் அப்படிச் செய்யத் தோன்றியதில்லை.

"அக்கா, நீங்க வந்து பாத்துக்கிட்டு இருக்கிற வரைக்கும் இதுல நான் கை வைக்கமாட்டேன். போதுமா?"

அவள் கண்ணால் சிரித்தாள்.

மழை தொடங்கிய வாரம் அவளுக்கு மூச்சு முட்டியது. மருத்துவமனைக்குப் போனவள் திரும்பி வரவில்லை.

டிரைவர் வீட்டுக்குள் முடங்கிப்போனார். நாற்காலி, இலவச மருத்துவ நிலையம் இரவலாகக் கொடுத்தது; திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்காக இன்னொரு வீட்டில் யாரோ காத்திருப்பார்களே என்ற நினைப்புதான் கடைசியில் அவரைக் கிளப்பியது. வேறு தெரு வழியாகவும் போகலாம். ஆனால் அந்தப் பெண்ணுக்குச் செய்தி தெரியாது. கொடுத்த வாக்குக்காக யாரிடம் என்ன திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறாளோ. சொல்லாமல் நழுவுவது நியாயமில்லை என்று மனசு அடித்துக்கொண்டது.

சுவரோரம் நெடுக மழித்துவிட்டதுபோல் கிடந்தது. நாலடி மட்டும் மழையில் முழங்கால் உயரத்துக்குத் தழைத்து நின்றது. அவர் அங்கே நாற்காலியை நிறுத்தினார். நிறுத்திய பிறகு என்ன செய்வதென்று தெரியவில்லை.

"வாங்கண்ணே!" பின்னாலிருந்து குரல் வந்தது. "எங்க ஆளையே காணோம்? மேஸ்திரி தினமும் கத்துறாரு. அந்தச் சுவத்துல கரண்டு கசியுதுன்னு ஒரு போடு போட்டேன். மனுஷன் இப்ப இந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்கிறதில்ல! கேட்டீங்களா அக்கா?"

பின்னாலிருந்து பார்த்தால் நாற்காலியில் அவள் தலை எப்போதுமே தெரியாது. துப்புரவுப் பெண் சிரித்துக்கொண்டே முன்னால் வந்து குனிந்தாள். குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"போயிட்டாம்மா," என்றார் டிரைவர். "இனிமே இதை எடுத்துடு. எனக்காக நீ பேச்சு வாங்க வேண்டாம்."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு செடிகள் பக்கம் திரும்பி, "நிறையப் பூத்திருக்குண்ணே," என்றாள். "அக்கா ஒரு வாட்டி பாத்திருக்கலாம்."

டிரைவர் எட்டிப் பார்த்தார். இலைதான் தெரிந்தது.

"அங்கேருந்து தெரியாதுண்ணே."

அவர் தயங்கினார். பிறகு மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். தாடையை மார்பில் சாய்த்தார்.

இலைகளுக்கு அடியில் தரை கூட்டிப் பெருக்கியிருந்தது. ஒரு கண்ணாடிச் சில்லு இல்லை, ஒரு காகிதம் இல்லை. மழையில் சாய்ந்த தண்டுகளுக்கெல்லாம் ஈர்க்குச்சி நட்டு, பழந்துணி கிழித்துத் தளர்வாகக் கட்டியிருந்தாள். நீலப் பூக்கள் அத்தனையும் தெருப்பக்கம் முகம் காட்டிக்கொண்டிருந்தன. நாற்காலியில் தலை கவிழ்ந்து உட்கார்ந்தவருக்கு மட்டும் தெரிகிற உயரத்தில்.

அவருக்குக் கண்ணீர் வழிந்து சட்டையில் விழுந்தது. தெருவில் போனவர்கள் கவனிக்காமல் போனார்கள். கவிழ்ந்த தலையில் அழுகை வெளியே தெரியாது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவளும் எத்தனை நாள் இப்படி, அவர் பின்னால் நின்று தள்ளிக்கொண்டிருக்கும்போதே...

துப்புரவுப் பெண் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தாள். அக்காவிடம் குனிந்ததுபோலவே குனிந்து, அவர் முகத்தைப் பார்த்தாள்.

"கரண்டு இன்னும் கசியுதுண்ணே," என்றாள்.