இரண்டு நாட்டுப் பிரிண்டர்

குண்டூர் நாட்டுச் சங்கத்துக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து சென்றாயனுக்குச் சோறு இறங்கவில்லை. அந்த மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு; அவர் பக்கத்து எடப்புளி நாட்டுக்காரர். பழைய கம்ப்யூட்டர் இடி விழுந்து போனது உண்மைதான், கருகிக் கிடந்ததை அவரே பார்த்தார். ஆனால் புதுசு வாங்கும்போது எடப்புளி நாட்டாரை ஒரு வார்த்தை கேட்டார்களா? கேட்கவில்லை. கேட்காமல் செய்கிற காரியத்துக்குள் ஏதோ ஒளிந்திருக்கிறது என்பது அவர் முடிவு.

கம்ப்யூட்டர் குண்டூர்க்காரர்களுடையது. பிரிண்டர் மட்டும் இரண்டு நாட்டுக்கும் பொது. முன்பு ஒருதரம் மிளகு நாற்றுக்குப் பேர் எழுதித் தோட்டக்கலை ஆபீசுக்கு அனுப்பியபோது, எடப்புளிக்காரர்கள் பேரெல்லாம் கடைசிப் பக்கத்துக்குப் போய்விட்டது. அவர்கள் முறை வருவதற்குள் நாற்று தீர்ந்துபோயிற்று. எழுதியவர் குண்டூர்ச் சங்கத்துக் காளியண்ணன். வேண்டுமென்று செய்யவில்லை என்று சத்தியம் செய்தார். அந்தச் சத்தியத்தைச் சென்றாயன் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டார்.

அதற்குப் பிறகுதான் இரண்டு நாடும் சேர்ந்து அந்த டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரை வாங்கின. கோயில் நகைப்பெட்டிக்கு இருக்கிற ஏற்பாட்டையே இதற்கும் செய்தார்கள். பெட்டி ஒரு நாட்டில் இருக்கும், சாவி அடுத்த நாட்டில் இருக்கும். அதேபோல் பிரிண்டர் குண்டூரில், அதைக் கம்ப்யூட்டரோடு சேர்க்கிற தடித்த வயர் எடப்புளியில் சென்றாயன் வீட்டில். அவர் வயரோடு வந்து உட்கார்ந்தால்தான் காகிதம் நகரும். குண்டூரில் ஒரு பேர், எடப்புளியில் ஒரு பேர் என்று மாற்றி மாற்றி அச்சாகும். அந்த வயர் கையில் இருக்கும்வரைக்கும் தன் ஆட்களை எவனும் கடைசிப் பக்கத்துக்குத் தள்ள முடியாது என்று சென்றாயன் நிம்மதியாகத் தூங்கினார்.

இந்த வருஷத்து நாற்றுக்குப் பேர் அனுப்பும் நாள் வந்தது. சென்றாயன் வயரோடு சங்கத்துக்குள் நுழைந்தபோது, முள்ளுக்குறிச்சியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் இலியாஸ் மேசைக்குப் பின்னால் குனிந்திருந்தார். காளியண்ணன் பக்கத்தில் நின்றார்.

"இது இதுல சேராதுங்ணா" என்றார் இலியாஸ், வயரை வாங்கிப் பார்த்துவிட்டு. "புதுக் கம்ப்யூட்டர்ல இத்தன அகல ஓட்டை இப்பெல்லாம் வெக்கறதில்லீங்க."

"வெக்கறதில்லையா பாய், இல்ல வெக்க வேண்டாம்னு யாராச்சும் சொன்னாங்களா?"

கேள்வி இலியாசுக்கு, பார்வை காளியண்ணனுக்கு.

இலியாஸ் பையிலிருந்து வேறொரு வயரை எடுத்தார். ஒரு முனை பிரிண்டரில் பொருந்துகிற அகலம், மறுமுனை சப்பையாக, விரல் நகத்தளவு. சென்றாயன் யோசித்தார். இப்போதுதானே சேராது என்று கண்டுபிடித்தார்? அதற்குள் மாற்று வயர் பைக்குள் எப்படி வந்தது?

"அகல ஓட்டை இல்லைன்னு காளியண்ணன் போன்லயே சொல்லிட்டாருங்க" என்றார் இலியாஸ், கேட்காமலே.

ஆக, பேசி வைத்துத்தான் நடக்கிறது. சென்றாயன் நாற்காலியை இழுத்துப் பிரிண்டருக்கு ஒரு முழத் தூரத்தில் போட்டு உட்கார்ந்தார். கண்ணை இமைக்கக்கூட மனசில்லை.

பிரிண்டர் கிறீச்சிட்டுக்கொண்டு ஒரு பக்கத்தைத் தள்ளியது. பக்கம் முழுக்கக் கொக்கியும் கட்டமும் கோணல் கோடுமாக இருந்தது. ஒரு பேரும் இல்லை.

"எங்க பேரயெல்லாம் என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?" சென்றாயன் எழுந்துவிட்டார்.

"இதுல உங்க பேரு எது, எங்க பேரு எதுன்னு நீயே காட்டு மாப்ள" என்றார் காளியண்ணன். "ரெண்டு நாட்டுக்கும் ஒரே கதிதான்."

கம்ப்யூட்டர் புதுசு, இந்தக் கிழட்டு மிஷினை அதற்கு அடையாளம் தெரியவில்லை, வேறு ஏதோ பிரிண்டர் என்று நினைத்துக்கொண்டது என்று இலியாஸ் விளக்கினார். கம்ப்யூட்டருக்குள் தேடி, இதே ரகத்துப் பழைய பிரிண்டர் ஒன்றின் பேரைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். அடுத்த பக்கம் சுத்தத் தமிழில் வந்தது. சென்றாயன் ஒவ்வொரு பேராக விரல் வைத்துப் படித்தார். மாற்றி மாற்றித்தான் இருந்தது. அதிலும் அவருக்குச் சந்தோஷமில்லை. இன்றைக்குத் தான் இருக்கிறோம், ஒழுங்காக வருகிறது, நாளைக்கு?

வண்டி எடுக்கப்போன இலியாசை வாசலில் மடக்கினார்.

"பாய், இந்தப் புது வயராட்டம் இன்னொண்ணு உங்க கடையில இருக்குதா?"

"இருக்குதுங்க. யாரு கேட்டாலும் குடுப்பேன்."

"அதான பாத்தேன். பழைய வயரு அப்படி இல்ல. அது ஒண்ணே ஒண்ணு. எங்கிட்டத்தான் இருந்துச்சு."

இலியாஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "அதும் எல்லாக் கடையிலயும் தொங்குனதுதானுங்ணா. நானே ஒருக்கா காளியண்ணங்கிட்ட எடுத்து நீட்டுனேன். வேண்டாம்னுட்டாரு."

வண்டி வளைவில் இறங்கிப் போன பிறகும் சென்றாயன் அங்கேயே நின்றார். பிறகு உள்ளே போனார். காளியண்ணன் காகிதத்தின் ஓட்டைபோட்ட ஓரத்தைக் கிழித்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், பழைய வயரு கடையில கெடைக்குதுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்." காளியண்ணன் நிமிரவில்லை. "உங்கம்மா செத்து நீ வராம இருந்தியே, அப்ப ஆபீசுல கெடு முடியப் போச்சு. ஒண்ண வாங்கிப் போட்டு அடிச்சுரலாம்னு எங்காளுக எல்லாருஞ் சொன்னாங்க."

"அப்புறம்?"

"கருமாதி முடிஞ்சு நீ வாரவரைக்கும் உக்காந்திருந்தோம். கெடு முடிஞ்சுபோச்சு. ஆபீசுல போயிக் கெஞ்சிக் குடுத்துட்டு வந்தேன்."

"எங்கிட்டச் சொல்லவே இல்லையே."

"சொன்னா நம்பியிருப்பியா?"

நம்பியிருக்கமாட்டார். அது இருவருக்கும் தெரியும். சென்றாயனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இத்தனை வருஷமும் தன் ஆட்களைக் காத்தது தன் வீட்டு வயர் இல்லை, இந்த மனுஷனின் நாணயம்தான் என்பது வெட்கமாக இருந்தது, உள்ளுக்குள் வலிக்கவும் செய்தது.

"புது வயரு இங்கயே கெடக்கட்டும் மச்சான்" என்றார்.

காளியண்ணன் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். எட்டிப் பிரிண்டரிலிருந்து வயரைப் பிடுங்கிச் சென்றாயன் கையில் வைத்தார்.

"பேசாம எடுத்துட்டுப் போ. எங்காளுகளும் உன்னாட்டந்தான். இத இங்க உட்டுட்டுப் போனா, பதிலுக்கு நீ இங்கிருந்து என்னத்தக் கொண்டுபோனீன்னு அவங்க என்னையப் புடிச்சுக் கேப்பாங்க."