கேமரா நின்ற இடம்

கைக்குட்டையை நாலாவது தடவையாக மடித்தாள் சுகிர்தா. வெள்ளைத் துணி, ஓரத்தில் நீல நூலில் சின்னதாக ஒரு சிலுவை. மடிப்பு சரியாகத்தான் இருந்தது. மறுபடி பிரித்தாள்.

வாசலில், ஷாமியானாவுக்குக் கீழே, அவளுடைய சின்னண்ணன் பீட்டர் பெட்டிக்குள் படுத்திருந்தான். நாலு மணிக்கு மூடி போட வேண்டும். மணி மூன்று ஆகிவிட்டது. சமையல் மேடைமேல் போன் அதிர்ந்தது. ராபின்.

"அக்கா, பஸ் ஸ்டாப்லதான் நிக்கிறேன். வரட்டா?"

"இருடா. சொல்றேன்."

"காலைலேர்ந்து இதத்தானேக்கா சொல்லிக்கினு கீற."

அவள் போனை வைத்துவிட்டாள்.

மூடி போடும் முன் முகத்தின்மேல் கைக்குட்டை போடுவது அந்தக் காலனியில் ரொம்ப நெருக்கமானவர் செய்கிற காரியம். கல்யாணமானவனுக்குப் பெண்டாட்டி போடுவாள்; ஆகாதவனுக்குத் தாய். பீட்டருக்குத் தாய் போய் ஆறு வருஷமாகிறது. பெண்டாட்டி கிடையாது. ராபின் இருந்தான், பதினேழு வருஷமாக. வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குக் கூட்டிப்போனவனும் அவன்தான், இன்று விடிகிற நேரத்தில் ஆஸ்பத்திரியில் பீட்டரின் கண்ணை மூடிவிட்டவனும் அவன்தான்.

பீட்டரைத் தெரியாதவர் கும்மிடிப்பூண்டிப் பக்கம் யாரும் இல்லை. சிப்காட் கம்பெனி ஒன்றில் யூனியன் தலைவன். வார்டு தேர்தலில் நின்றபோது எதிராளி அவனைப் பற்றி அசிங்கமாக நோட்டீஸ் அடித்துக் கொடுக்க, இவனே பஜாரில் மைக்கைப் பிடித்தான். "ஆமா, நான் ஆம்பளயோட குடும்பம் நடத்துற ஆம்பளதான். உன் ஊட்டுக் கொழாயில தண்ணி வர்றதுக்கும் அதுக்கும் இன்னா சம்மந்தம்?" கூட்டம் கேட்டுக்கொண்டு நின்றது. அப்புறம் ஓட்டும் போட்டது. இப்படி வெளிப்படையாகச் சொல்லி ஜெயித்த முதல் ஆள் என்று பேப்பரில் வந்தது. தண்ணீர் லாரி கேட்டு வந்தவர்கள் மட்டும் கடைசி வரைக்கும் வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போனார்கள். அவன் வீட்டில் ஒரு வாய் டீ குடிக்கவில்லை.

பேப்பரைப் பார்த்துச் சினிமாக்காரர்கள் வந்தார்கள். பீட்டரின் வாழ்க்கைதான் படம். கதைக்கு ஒரு முடிவு வேண்டும் என்று டைரக்டர், உயிரோடு இருந்தவனின் சாவையும் சேர்த்து எடுத்துவிட்டார். நாலு மாசத்துக்கு முன்னால், இதே வாசலில், இரண்டு நாள் ஷூட்டிங். நடிகர் பெட்டிக்குள் படுத்திருக்க, பீட்டர் நாற்காலி போட்டு உட்கார்ந்து தன் சாவைத் தானே வேடிக்கை பார்த்தான். காலனி மொத்தமும் நடித்தது. பக்கத்து வீட்டுக் கன்னியம்மா, "உசுரோட கீறவனுக்கு சாவு எடுக்குறானுங்களே, வெளங்குமா?" என்று திட்டித் தீர்த்துவிட்டு, ஆக்‌ஷன் என்றதும் மூன்று தடவையும் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். சபைச் செயலாளர் தலையை இரண்டு முறை வாரிக்கொண்டு வந்து கல்லறைத் தோட்டத்தின் கேட்டைத் திறந்துவிட்டார். அதுதான் அவருக்கு வேஷம்.

"இன்னா கூட்டம் பாத்தியா! நெஜத்துல இதுல பாதி வந்தா போதும்" என்று சிரித்த பீட்டர், சுகிர்தாவைப் பக்கத்தில் இழுத்தான். "ராபினா நடிக்கிறவன தோட்டத்து கேட்டுக்கு வெளியவே நிக்க வெச்சிட்டாரு டைரக்டரு, பாரு. அதான் சோகமா கீதாம். நீ அப்படிப் பண்ணிடாத சுகி. கர்சீப்ப அவன்தான் போடணும்."

சுகிர்தா தலையாட்டினாள். உயிரோடு இருக்கிறவனுக்குத் தலையாட்டுவதில் என்ன கஷ்டம்?

இன்று பத்து மணிக்கே செயலாளர் வந்துவிட்டார். வேட்டி மடிப்பிலிருந்து கல்லறைத் தோட்டத்துச் சாவியை எடுத்துக் காட்டினார்.

"தோ பாரும்மா. தோட்டம் சபையோடது. அந்த ஆளு பொட்டிகிட்ட வந்து நின்னான்னா, சாவி என்கிட்டயேதான் இருக்கும். அப்புறம் நீங்க எங்கனா எடுத்துக்கினு போங்க."

பெரியண்ணன் சாம்சன் அதற்கு மேல் பயந்துபோயிருந்தான். "அம்மா பக்கத்துல தம்பிக்கு எடம் வேணுமா, வேணாமா? கர்சீப்ப நானே போடுறேன். ராபின் வந்தா பேஜாராயிடும், சொல்லிட்டேன்."

ராபினை வரச் சொன்னால் அண்ணனுக்கு மண் கிடைக்காது. வேண்டாம் என்றால் அண்ணனுக்குக் கொடுத்த வாக்கு போய்விடும். பெட்டியோடு தெருவில் நிற்பதைச் சுகிர்தாவால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மூன்றரைக்குப் பாஸ்டர் வந்தார். அவர் பின்னாலேயே ஷிப்ட் முடிந்தவர்கள் யூனிபார்மோடு வந்தார்கள். பெண்கள் வந்தார்கள். வாசல் நிறைந்தது. கன்னியம்மா நேராகப் பெட்டியின் இடது பக்கம் போய் நின்று அழுதாள். இந்தத் தடவை மாரில் அடித்துக்கொள்ளவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். யூனியன்காரர்கள் நாலு பேர் கால்மாட்டில். ரேஷன் கடைக்காரர் வேப்பமரத்தடியில். பார்க்கப் பார்க்கத்தான் சுகிர்தாவுக்கு உறைத்தது. யாரும் யோசித்து நிற்கவில்லை. இரண்டு நாள் வெயிலில் டைரக்டர் கத்திக் கத்தி நிறுத்திவைத்த இடத்திலேயே அவரவர் கால் போய் நின்றிருந்தது.

தலைமாட்டில் மட்டும் ஓர் ஆள் அகலத்துக்கு இடம் காலியாகக் கிடந்தது.

"வெளிய நிக்கிறவங்கல்லாம் உள்ள வாங்கப்பா. தலைமாட்டுல எடம் கீதே" என்றான் சாம்சன்.

யாரும் நகரவில்லை. "அங்க கேமரா கீதுண்ணே" என்றான் யூனியன்காரன் ஒருவன், வாய் தவறி. யாரோ சிரிக்கப் போய் விழுங்கிக்கொண்டார்கள்.

சுகிர்தா அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சமையலறைக்குப் போனாள். இரண்டு முறை தப்பாக அழுத்தி, மூன்றாம் முறை கிடைத்தது.

"வாடா" என்றாள்.

ராபின் வருவதற்குள் பாஸ்டர் ஜெபத்தை ஆரம்பித்துவிட்டார். ராபின் வந்தான், ஆஸ்பத்திரியில் போட்டிருந்த அதே கசங்கிய சட்டையோடு. கூட்டம் அவனுக்கு வழிவிட்டது. மரியாதையாலா அருவருப்பாலா என்று சுகிர்தாவுக்குத் தெரியவில்லை. அவன் நேராகத் தலைமாட்டில் போய் நின்றான். நின்றதும் அந்த இடம் சரியாக நிறைந்துவிட்டது.

"சுகிர்தா!" என்றான் சாம்சன், பல்லைக் கடித்துக்கொண்டு.

அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. அத்தனை பேர் பார்க்கக் கையை நீட்டி, கைக்குட்டையை ராபினிடம் கொடுத்தாள்.

ராபின் மடிப்பைப் பிரித்தான். பீட்டரின் நெற்றி மயிரை ஒதுக்கிவிட்டு, ஒரு குழந்தைக்குப் போர்த்துவதுபோல முகத்தை மூடினான். ஃபேன் காற்றில் ஓரம் தூக்கியது. அதை அழுத்திப் பிடித்துக்கொண்டே நின்றான். கன்னியம்மாதான் முதலில் வாய்விட்டு அழுதாள். பாஸ்டர் ஜெபத்தை நிறுத்தவில்லை, கண்ணையும் திறக்கவில்லை.

ஓரத்தில் உட்கார்ந்திருந்த செயலாளர் எழுந்து செருப்பை மாட்டினார். தெருவில் இறங்கி வேகமாக நடந்தார். சாவி அவர் மடியில் இருந்தது.

"திருப்திதானே? இப்ப எங்க பொதைப்ப?" என்றான் சாம்சன். கேட்டுவிட்டு, மூடி போட்டதும் பெட்டிக்குத் தோள் கொடுக்கக் குனிந்தான். எதிர்ப் பக்கத்தில் ராபின் குனிந்தான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

கல்லறைத் தோட்டம் லாரி ரோட்டைத் தாண்டி அரை மைல். சுகிர்தா பெட்டிக்கு முன்னால் குனிந்த தலையோடு நடந்தாள். கேட் மூடியிருந்தால் என்ன செய்வது என்று அவளிடம் ஒரு யோசனையும் இல்லை. கர்த்தரே, கர்த்தரே என்று வாய் மட்டும் முணுமுணுத்தது. கம்பெனி லாரிகள் ஓரங்கட்டி நின்றன. பின்னாலிருந்த காலடிச் சத்தம் குறைகிறதா என்று காதை வைத்துக்கொண்டே போனாள். குறையவில்லை.

சுவர் வந்தது. அவள் நிமிர்ந்தாள்.

கேட் இரண்டு பக்கமும் திறந்து கிடந்தது. கொண்டியில் பூட்டு தொங்கியது. சாவி அதிலேயே இருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை.