காற்றளக்கும் கொட்டகை

ஒயரை இழுத்துக்கொண்டு தாட்சாயணி வேலியோரம் ஓடி வந்தபோது, கொழுந்தன் மோகன்ராஜ் கொட்டகைக் கதவுக்குக் குறுக்கே நின்றான்.

சூறைக்காற்றில் மரங்கள் சாய்ந்து சத்தியவேடு சாலை அடைத்துக் கிடந்தது. ஆம்புலன்ஸ் அதற்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. கரண்ட் போய், வீட்டில் ஆக்சிஜன் மெஷினும் நின்றுபோயிருந்தது. கல்குவாரித் தூசியில் நுரையீரல் கெட்டிருந்த அவள் கணவன் திருமலை, கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் தவித்தான். காற்றில் எவ்வளவு தூசி, எவ்வளவு விஷவாயு என்று இரவு பகலாக அளக்கும் மெஷின்களுக்காகக் கொட்டகையில் மட்டும் பேட்டரி ஓடியது. கொட்டகைக்கு நிலத்தின் மூலையைக் கொடுத்தவன் திருமலை. அதைச் சொல்லியே தம்பிக்கு அங்கே வேலை வாங்கித் தந்ததும் அவன்தான்.

"ஒங்கண்ணனுக்கு மூச்சு அடச்சிக்கினு கீது மோகனு. இத்த சொருவு."

"லோடு தாங்காது அண்ணி. மெசின் நின்னுச்சின்னா எனுக்கு வேல பூடும். கரண்ட்டு இப்ப வந்துடும்."

அவள் அவன் காலில் விழுந்தாள். அவன் ஆபீசுக்குப் போன் போட்டுத் தெலுங்கில் கேட்டான். ரீடிங் விட்டுப்போகக் கூடாது என்றார்களாம். கதவைப் பூட்டிவிட்டு அவளோடு வீட்டுக்கு வந்து, துண்டால் அண்ணனுக்கு விசிறினான். தம்பியின் கையைப் பிடித்தபடியே திருமலை அடங்கிப்போனான்.

பிறகு கரண்ட் வந்தது. ஆக்சிஜன் மெஷின் தானாக ஓடத் தொடங்கி, பாட்டில் தண்ணீரில் குமிழி விட்டது. யாரும் எழுந்துபோய் நிறுத்தவில்லை.

பிள்ளையில்லாத திருமலைக்குத் தம்பிதான் கொள்ளி வைக்க வேண்டும் என்றானது. மறுநாள் காலை, சொந்த நிலத்திலேயே எரிக்கலாம் என்று பங்காளிகள் கட்டை இறக்கினார்கள். மோகன்ராஜ் தயங்கித் தயங்கித் தாட்சாயணியிடம் வந்து குனிந்தான். ஏரிக்கரைச் சுடுகாட்டுக்கே கொண்டுபோய்விடலாமே என்றான். இங்கே எரித்தால் புகையெல்லாம் மெஷினில் ஏறும், ரீடிங் தாறுமாறாக வரும், மேலே பதில் சொல்ல முடியாது.

சுற்றிலும் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நேற்று கொட்டகைக் கதவருகே நடந்தது அவர்களில் யாருக்கும் தெரியாது.

தாட்சாயணி தலையை நிமிர்த்தவில்லை. "கொட்டகை வேலி ஓரமா அடுக்கச் சொல்லு," என்றாள். "நீயே போயி சொல்லு."

அவன் போய்ச் சொன்னான்.

கொள்ளி வைத்தவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. மழித்த தலையும் ஈர வேட்டியுமாக மோகன்ராஜ் நேரே நடந்து வந்தான். அவன் முதுகுக்குப் பின்னால் புகை கம்பிவேலியைத் தாண்டிக்கொண்டிருந்தது. தாட்சாயணி வாசலில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.