நாற்பதாவது புள்ளி

கீழ் வீட்டுக் கெசியா, பன்னிரண்டாம் வகுப்பு உளவியல் செயல்திட்டத்துக்காக நாற்பது பேரைக் கேட்டாக வேண்டும். முப்பத்தொன்பது பேர் கிடைத்துவிட்டார்கள். கடைசி ஆளாக மாடியேறி வந்து ராமாமணியிடம் தாளை நீட்டினாள். இரண்டே கேள்விகள். போன வாரம் ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் பேசினீர்கள்? எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள்?

ராமாமணி முதல் கேள்விக்குப் பூஜ்யம் போட்டாள். இரண்டாவதற்கு மூன்று.

“ஏனுங்க ஆன்ட்டி, பால்காரர்கிட்டக்கூடவா பேசலை?”

“பாக்கெட்டைப் பையில போட்டுட்டுப் போயிருவான் கண்ணு. பையோட என்ன பேசறது?”

கெசியா சிரித்துவிட்டுக் கட்டத்தாளில் புள்ளி வைத்தாள். மற்றவை கூட்டமாக மேலேறிப் போக, இது மட்டும் இடது மூலையில் தனியாகக் கிடந்தது.

“அப்போ, பேசாட்டித் தூக்கம் வராதா?” என்றாள் ராமாமணி.

“அப்படி எழுதினா மிஸ் மார்க்கைக் கொறைச்சுப்போடுவாங்க. பேசாததால தூக்கம் போச்சா, தூக்கம் போனதால பேசப் பிடிக்கலையா, இல்ல ரெண்டையும் வேற ஒண்ணு செய்யுதான்னு இதுல தெரியாதுங்க. ரெண்டும் சேர்ந்து வருது, அவ்வளவுதான்.”

வேறொன்று எதுவென்று ராமாமணிக்குத் தெரியும். உள்ளறையில் எட்டு மாதமாக விரிப்பு மாற்றாமல் கிடக்கிறது கட்டில்.

எழுந்து போய் ஒரு நோட்டை எடுத்து வந்தாள். கணவர் லட்சுமணசாமி தினமும் பிரஷர் பார்த்து எழுதிய நோட்டு. அவர் இறந்தபோது அவள் சத்தியமங்கலத்தில் அக்கா பத்மாவதி வீட்டில் இருந்தாள். காரியம் முடிந்த மறுநாள், தான் சத்திக்குப் போன தேதிகளைச் சுழித்து வைத்திருந்த காலண்டரையும் இந்த நோட்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒன்பது சுழி. ஒன்பது நாளும் நூற்றெழுபதுக்கு மேல். அன்றிலிருந்து அக்காவின் போனை அவள் எடுப்பதில்லை.

“சத்திக்கு அக்கா வீட்டுக்குப் போன ஒம்பது நாளும் நூத்தெழுபதுக்கு மேல. நான் போனாத்தான் ஏறியிருக்குது பாரு” என்றாள். இதை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கெசியா பக்கங்களைப் புரட்டினாள். “எத்தன மணிக்குக் கெளம்புவீங்க?”

“காலைல எட்டு மணி பஸ்ஸுக்கு.”

“அங்கிள் மணியும் போட்டிருக்காருங்க. அஞ்சே கால். அஞ்சு பத்து. எல்லாமே நீங்க போறதுக்கு முன்னாடி.”

ராமாமணி கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். எண்ணைத்தான் பார்த்திருந்தாள், ஓரத்திலிருந்த நேரத்தை ஒருநாளும் பார்த்ததில்லை.

“போறதுன்னு முந்தின நாளே பேசியிருந்தீங்களா? அந்த நெனைப்புல ஏறியிருக்கலாமில்லீங்க?”

முந்தின நாள் பேசியதேயில்லை. அந்த ஒன்பது நாளும் காலையில் காபி டம்ளரைக் கீழே வைத்தபடி அவர்தான் சொல்வார்: “அம்மணி, உங்கக்காவைப் பாத்துப்போட்டு வா.” தன்னை வீட்டில் வைத்திருக்க அலுத்துப்போய் அனுப்புகிறார் என்று பஸ்ஸில் அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே போவாள்.

“ஏறினதாலதான் என்னை அனுப்பினாரா? நான் பாத்துப் பதறக்கூடாதுன்னு?”

“அதுவும் இதுல தெரியாதுங்க ஆன்ட்டி. அங்கிளைத்தான் கேக்கணும்” என்ற கெசியா, சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ராமாமணி தலையசைத்தாள். கேட்க ஆளில்லை. ஆனால் நீதான் காரணம் என்று அந்த நோட்டு சொல்லவில்லை. எட்டு மாதமாக அவளேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கெசியா தாளைச் சுருட்டினாள்.

“கண்ணு, இப்ப உன்னோட பேசினேனே. அந்தப் பூஜ்யத்தை ஒண்ணுன்னு மாத்திக்கயேன்.”

“முடியாதுங்க ஆன்ட்டி. அது போன வாரக் கணக்கு.”

அவள் இறங்கிப் போன பிறகு, ராமாமணி அக்காவின் எண்ணைத் தேடினாள்.