சிரிஞ்சு மழை

அவளுக்குக் கொசு என்று பெயர் வைத்தது அவள் புருஷன்தான். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் விடிந்ததிலிருந்து ஊரார் ரத்தத்தை உறிஞ்சுகிறவளுக்கு வேறென்ன பெயர் வைப்பது என்பது அவன் கட்சி. தெருவில் அவனுக்கு ரிமோட் என்று பெயர். அதை யார் வைத்தார்கள் என்று தெரியாது, வைத்தவரைக் குறை சொல்லவும் முடியாது. கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற விளக்கைக்கூடப் போனைத் தட்டித்தான் போடுவான் மனுஷன்.

வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புவதற்கு முந்தின மாதம் அவனுக்கு அந்தப் பைத்தியம் முற்றிவிட்டது. மொட்டை மாடியில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கம்பம் நட்டு, அதன் உச்சியில் வானிலைக் கருவி ஒன்றைப் பொருத்தினான். காற்றடித்தால் சுற்றுகிற குட்டிக் கிண்ணங்கள், திசை காட்டும் வால், வெயிலை அளக்க ஒரு வில்லை, மழையைப் பிடிக்க ஒரு கறுப்புப் புனல். புனலுக்கு அடியில் ஒரு சின்னக் கரண்டி உண்டு. தண்ணீர் நிறைந்தால் அது ஒரு பக்கம் சாயும், சாய்ந்தால் மழை என்று கணக்கு. ஒயர் கியர் எதுவும் கிடையாது. அது சொல்வதையெல்லாம் கூடத்தில் டிவி பக்கத்தில் இருக்கும் சோப்புப் பெட்டி அளவு டப்பா காற்றிலேயே வாங்கிக்கொள்ளும். வாங்கிக்கொண்டு சும்மாவும் இருக்காது. மழை என்றால் சமையலறை ஜன்னலை மோட்டார் போட்டு மூடும். மாடித் தொட்டியில் நிற்கும் எலுமிச்சைக்குச் சாயங்காலந்தோறும் தானாகத் திறக்கிற சொட்டுக் குழாயை, வானமே ஊற்றிவிட்டது என்று இரண்டு நாளைக்கு நிறுத்திவைக்கும். அவன் எந்த நாட்டில் இருந்தாலும் சரி, அவன் போனில் தவளை கத்தும்.

இது போதாதென்று அலமாரி மேல் இருக்கும் ஸ்பீக்கர் அவன் குரலில் பேசும். "மழை வருது கொசு. மாடியில துணி கிடக்கா பாரு."

கிளம்புவதற்கு முந்தின நாள் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு அதைப் பதிவு செய்தான். போட்டுக் காட்டியபோது குரல் அடைத்துக்கொண்டு கரகரவென்று இருந்தது.

"சகிக்கலை. இன்னொரு தடவை பேசுங்க," என்றாள்.

"ஜலதோஷம். சரியானதும் மாத்திக்கலாம் விடு," என்றான்.

மறுநாள் விமானம் ஏறிவிட்டான். அன்றிலிருந்து வீட்டுக்கே ஜலதோஷம்தான்.

வாசலில் நின்று, "என்னைப் பத்திக் கவலையே படாதீங்க, நான் ராணி மாதிரி இருப்பேன்" என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவைத்தவளும் இவள்தான். வாய்க்கொழுப்பு. ராணி இரண்டு வருஷமாக ஒரு தட்டு, ஒரு டம்ளர் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கட்டிலின் ஒரு ஓரத்தில் மட்டும் படுத்துத் தூங்கினாள். தூங்குவதற்கு முன்னால், சுருக்கமே விழாத மறு ஓரத்து விரிப்பை ஒரு தடவை பார்த்துக்கொள்வாள்.

அவன் வேலை பார்ப்பது ஒரு பெரிய குளிர்பதனக் கிடங்கில், எலெக்ட்ரீஷியனாக. அங்கே ஜன்னல் என்பதே இல்லை. காலை, மாலை, வெயில், மழை எல்லாம் ஒன்றுதான். எந்நேரமும் ஒரே ட்யூப்லைட், எந்நேரமும் மூச்சு உறைகிற குளிர். வெளியே வந்தால் கண்ணை எரிக்கிற வெயில். அந்த ஊரில் மழை என்ற ஒன்றை யாரும் பார்த்ததாகவே தெரியவில்லை என்பான்.

வாரம் தவறாமல் பேசுவார்கள். என்ன பேசுவார்கள்? "சாப்பிட்டியா?" "ஆச்சு. நீங்க?" "ஆச்சு. வேற?" "வேற ஒண்ணுமில்லை. உங்களுக்கு?" அந்த 'வேற'வை இருவரும் சூடான பாத்திரத்தைப் போலக் கை மாற்றிக் கை மாற்றிக் கடைசியில் கீழே வைத்துவிடுவார்கள்.

ஆனால் மழை பெய்தால் அவன் வேறு ஆள். தவளை கத்திய நிமிஷமே கூப்பிடுவான். "எப்படிப் பெய்யுது? சாய்ஞ்சு அடிக்குதா, நேரா விழுதா? போனை வெளியில நீட்டு." நீட்டுவாள். அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம்கூடக் கேட்காது. அப்புறம் மெல்ல ஆரம்பிப்பான். கல்யாணமான புதிதில் பாலத்துக்கு அடியில் ஸ்கூட்டர் நின்றுபோய் இருவரும் தொப்பலாக நனைந்தது, அவள் செருப்பு ஒன்று வெள்ளத்தோடு போனது, மற்றதையும் அவள் கோபத்தில் பின்னாலேயே வீசியது. "ஒத்தைச் செருப்புக்குத் துணை வேணும்னு வீசினியேடி!" என்று சிரிப்பான். அந்தச் சிரிப்புக்காக அவள் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

மழைக்காலம் முடிந்தது. அதோடு சிரிப்பும் முடிந்தது. 'வேற' மட்டும் மிஞ்சியது.

ஒரு நாள் பகலில் மாடிக்குத் துணி உலர்த்தப் போனவள், புனலுக்குள் காக்கை எச்சமிட்டிருப்பதைப் பார்த்தாள். பொறுப்பாக ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். அடுத்த நொடி கீழே வீடு, "மழை வருது கொசு" என்று மூக்கடைத்த குரலில் கூவியது. சமையலறை ஜன்னல் சாத்திக்கொண்டது. இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது.

"வந்துடுச்சா? இந்த மாசத்துலயா?" அவன் குரலில் அப்படி ஒரு துள்ளல்.

இல்லைங்க, காக்கை எச்சம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். "ஆமாங்க, திடீர்னு" என்று வந்தது.

"சத்தமே கேக்கலையே?"

பக்கத்தில் பூவாளி இருந்தது. மோட்டார் பம்பை மூடியிருக்கும் தகரத்தின் மேல் அதைச் சாய்த்துப் பிடித்தாள். தடதடவென்று பெய்தது. அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் அடங்கியது.

"நேராத்தான் விழுது," என்றான் கொஞ்ச நேரம் கழித்து.

அன்று நெடுநேரம் பேசினார்கள். வியர்வை வழிய, தலை காய, பூவாளியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள். பொய் சொல்கிறோமே என்ற உறுத்தல் இல்லாமல் இல்லை. இருந்தும் ராத்திரி கட்டிலின் மறு ஓரத்தைப் பார்க்காமலே தூங்கிப்போனாள்.

அப்புறம் தொழில் சுத்தமாயிற்று. சொம்பில் ஊற்றினால் ஊரே மூழ்குகிற அளவு காட்டுகிறது என்று, வேலையிடத்திலிருந்து ஊசியில்லாத புதுச் சிரிஞ்சு ஒன்றைக் கொண்டுவந்தாள். இரண்டு சிரிஞ்சு என்றால் தூறல், நாலைந்து என்றால் சுமாரான மழை. காலை முழுக்க உறிஞ்சுகிற கை மத்தியானம் திருப்பிக் கொடுத்தது. வேலை முடிந்து அவள் வீடு திரும்பவும் அவனுக்குச் சாப்பாட்டு இடைவேளை வரவும் சரியாக இருந்தது. வாரத்துக்கு ஒரு மழை இரண்டாயிற்று. இரண்டு மூன்றாயிற்று. கொளுத்துகிற வெயிலில் வீடு மழைக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திக்கொண்டு புழுங்கியது.

எதிர்வீட்டு மாடி ஜன்னலுக்கு இதெல்லாம் தெரியாமல் இருக்குமா? அந்த ஜன்னலுக்குச் சொந்தக்காரியைத் தெருவே இன்ஸ்பெக்டர் அக்கா என்றுதான் சொல்லும். தெருவில் எந்த வீட்டுக்கு யார் எப்போது வந்தார்கள் என்பதை அவளைக் கேட்டால் போதும். உச்சி வெயிலில் புனலுக்குள் சிரிஞ்சால் தண்ணீர் விட்டுவிட்டு, ஒரு கையில் போனும் மறு கையில் பூவாளியுமாகத் தகரத்துக்குத் தண்ணீர் ஊற்றும் கொசுவை நாலைந்து தடவை பார்த்தாள். தகரம் முளைக்குமா என்று மட்டும் கேட்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் அவன் அதைச் சொன்னான். "கம்பெனியில இன்னும் ரெண்டு வருஷம் இருக்கச் சொல்றாங்க. வியாழக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். நீ என்ன சொல்றே?"

வாங்க என்பது ஒரே ஒரு வார்த்தை. அது தொண்டை வரைக்கும் வந்தது. அவன் ஆசையாகக் கேட்கிறானா, பேச்சுக்குக் கேட்கிறானா என்று தெரியவில்லை. நாமே கூப்பிட்டு, அவனுக்கு இங்கே வேலை அமையாமல் போனால்? ராணி மாதிரி இருப்பேன் என்றாயே என்று ஒரு பார்வை பார்த்துவிட்டால்?

"உங்க இஷ்டம்," என்றாள்.

"உனக்கு ஒண்ணும் கஷ்டமில்லையே?"

"எனக்கென்ன கஷ்டம்?"

"சரி. வேற?"

போனை வைத்தபின் தன் வாயிலேயே ஒன்று போட வேண்டும் போலிருந்தது அவளுக்கு.

புதன்கிழமை காய்கறிக் கடையில் இன்ஸ்பெக்டர் அக்கா பிடித்துக்கொண்டாள். "ஏம்மா, மழை பெஞ்சா உங்க வீட்டுக் குழாய் தானா நின்னுடும்னு உன் வீட்டுக்காரர் தெருவைக் கூட்டிப் பெருமையடிச்சாரே?"

"ஆமாங்க்கா."

"நீதான் வாரம் பூரா மழை பெய்ய வைக்கிறியே. அந்த எலுமிச்சை என்ன பாவம் பண்ணிச்சு?"

கொசுவுக்குப் பகீரென்றது. அவனுக்குப் பெருமழை பெய்வித்த பைத்தியத்தில் இது மண்டையில் உறைக்கவே இல்லை. அவள் மழை பொய்; ஆனால் டப்பாவுக்கு அது மெய். செடிக்கு வாரக்கணக்காகச் சொட்டுத் தண்ணீர் போயிருக்காது. அவன் கையால் நட்டுவிட்டுப் போன கன்று. முதல் மொட்டு வைத்ததும் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தான். காய்கறிப் பையைப் படியிலேயே போட்டுவிட்டு மாடிக்கு ஓடினாள்.

எலுமிச்சை பச்சைப் பசேலென்று நின்றது. நுனியில் இரண்டு மொட்டு. தொட்டி மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். ஈரம். நேற்றும் மழை 'பெய்திருந்தது', குழாய் நின்றிருக்க வேண்டும். அப்படியானால் யார் ஊற்றியது? மாடிச் சாவி அவளிடம் மட்டும்தான் இருக்கிறது. யோசித்து யோசித்துப் பார்த்தாள், ஒன்றும் பிடிபடவில்லை.

வியாழக்கிழமை. மத்தியானம் வேலையிலிருந்து வந்தவள் கைப்பையைக்கூட வைக்காமல் மாடி ஏறினாள். இன்றைக்கு அவன் பதில் சொல்லிவிடுவான். சொல்வதற்குள் அந்தச் சிரிப்பை ஒரு தடவை கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் அவள் வேண்டியது. நாலு சிரிஞ்சு மழை பெய்தாள். கீழே வீடு மூக்கடைப்போடு கூவியது. போன் அடித்தது.

"மழையா?"

"ஆமாங்க." பூவாளியைச் சாய்த்தாள்.

அவன் சிரிக்கவில்லை. ஸ்கூட்டர் கதையும் வரவில்லை. ரொம்ப நேரம் அந்தத் தகரச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தான். "நனையாம இரு. சாயங்காலம் பேசறேன்," என்று வைத்துவிட்டான்.

எப்போதும் பேச்சு முடிந்ததும் துள்ளிக்கொண்டு கீழே இறங்கிவிடுவாள். இன்றைக்குக் கால் வரவில்லை. எலுமிச்சைத் தொட்டியின் நிழல் கைக்குட்டை அகலம்தான் இருந்தது, அதில் போய் உட்கார்ந்தாள்.

பக்கத்தில் 'டக்' என்று ஒரு சத்தம். தொட்டியைச் சுற்றிக் கிடந்த மெல்லிய குழாய் உஸ்ஸென்று மூச்சு விட்டது. சொட்டு, சொட்டாக வேர்மண்ணில் தண்ணீர் இறங்க ஆரம்பித்தது.

மழை பெய்தால் திறக்காத குழாய். அதுவும் பட்டப்பகலில். அதைத் திறக்க இந்த உலகத்தில் இன்னொரு கைக்குத்தான் முடியும். அந்தக் கை ஏழு கடல் தாண்டி, ஜன்னலில்லாத கிடங்கு வாசலில், போனைத் தட்டிக்கொண்டு நிற்கிறது.

அவளுக்குக் காது வரைக்கும் சூடேறியது. வெட்கம். அதற்கப்புறம் வெட்கத்தைத் தள்ளிக்கொண்டு வேறு என்னவோ வந்தது. அவளே அவனைக் கூப்பிட்டாள்.

"எப்பலேருந்து தெரியும்?" என்றாள், எடுத்ததும்.

"முதல் நாள்லேருந்தே. மழை கொட்டுதுன்னு காட்டுது, வெயில் அளக்கிறது அசையவே இல்லை. எந்த ஊர்லடி அப்படி மழை பெய்யும்? அப்புறம் பார்த்தா, உன் மழை எல்லாம் நீ லேப் விட்டு வந்த பிறகுதான் பெய்யுது. ஞாயித்துக்கிழமை மட்டும் காலையிலயே பெய்யுது."

"செடிக்கு நீங்கதான் ஊத்தினீங்களா?"

"பின்னே? நீ பெய்யற மழையில அது காய்ஞ்சுல்ல போகும்."

"ஏன் என்னை ஒரு வார்த்தை கேக்கலை?"

"கேட்டா நிறுத்திடுவியே."

கொசு அழுதாள். சத்தம் வராமல், மூக்கை மட்டும் உறிஞ்சி உறிஞ்சி அழுதாள். நோயாளிகளிடம் 'ஒண்ணும் வலிக்காது, வேற பக்கம் பாருங்க' என்று தினமும் சொல்கிறவள் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் கம்பத்து உச்சியைப் பார்த்தாள். கிண்ணங்கள் சும்மா சுற்றிக்கொண்டிருந்தன.

"பதில் சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்லை. மேனேஜர் ரூம் வாசல்லதான் நிக்கறேன்."

"இங்க மழை இல்லைங்க. ஒரே வெயில்தான்." தொண்டையைச் செருமிக்கொண்டாள். "நான் ராணி மாதிரி எல்லாம் இல்லை. வாங்க. வந்துடுங்க."

லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். போகவில்லை.

"மழைச் சத்தத்துல சரியாக் கேக்கலை," என்றான் அவன். "இன்னொரு தடவை சொல்லு."

"வாங்க!" என்று கத்தினாள். எதிர்மாடி ஜன்னல் படக்கென்று திறந்தது. திறக்கட்டும். "வாங்கன்னு சொன்னேன்! கேட்டுச்சா?"

"கேட்டுச்சு," என்றான்.

குரல் அடைத்துக்கொண்டு கரகரவென்று இருந்தது. இரண்டு வருஷமாக அலமாரி மேலிருந்து, துணி கிடக்கா பாரு என்று அவளை விரட்டிய அதே குரல். ஜலதோஷமா என்று அவள் கேட்கவில்லை.